சும்மா வழுக்கி விழுந்தவர்கள்

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 24 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து, 2021ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். அந்தப் பிரிவின் வாசலில் நான் மிக அதிகமாகக் கேட்ட சொல் "சும்மா" என்பதுதான். "சும்மா வழுக்கி உழுந்துட்டாங்க சிஸ்டர்", "சும்மா கட்டில்ல இருந்து சறுக்கிட்டாரு", "சும்மா தலை லேசா செவுத்துல பட்டுச்சு" என்றுதான் வயதானவர்களை அழைத்து வருகிறவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். லாரியில் மோதிய இளைஞனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு கூச்சலோடு ஓடி வருவார்கள். எல்லோரும் எழுந்து வழிவிடுவார்கள். எழுபத்தைந்து வயது மூதாட்டியோ ஆட்டோவில் வந்து இறங்கி, மகளின் தோளைப் பிடித்தபடி, மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்; அவரைப் பார்த்து எவரும் பதற மாட்டார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அந்த இளைஞனைவிட மோசமான நிலையில் இருந்தார்கள் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தச் சொல்லை நம்பி என் சொந்த வீட்டிலேயே நான் ஏமாந்ததும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காயம் படுகிற விதமே வயதோடு மாறிவிடுகிறது. இளையவர்கள் உடைவதற்கு வேகமோ உயரமோ வேண்டும். வயதானவர்களுக்கு நின்ற இடத்திலிருந்து தரைவரை உள்ள உயரமே போதும். உலகம் முழுவதும் ஓராண்டில் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். எங்கள் பிரிவில் இதற்கென்று ஒரு நேரமும் இருந்தது. இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை இருசக்கர வாகன விபத்துகள் வரும். விடியற்காலை நான்கிலிருந்து ஏழுவரை பெரியவர்கள் வருவார்கள். சிறுநீர் கழிக்க எழுந்தவர், வாசல் தெளிக்கப் போனவர், முதல் பேருந்தின் படியில் கால் வைத்தவர் என்று அந்த வரிசை போகும். ஊருக்கேற்ற விபத்துகளும் உண்டு. சேலத்தில் அம்மாபேட்டை, குகை என்ற பகுதிகளில் குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில் முன்னறையிலேயே, நெசவாளர் காலை இறக்கி உட்காரும் பள்ளம் இருக்கும். ஏற்காட்டு மலையில் மிளகு பறிக்கும் காலத்தில், சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியில் அறுபத்தைந்து வயதுக்கு மேலும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த காபிக் களத்தில் சறுக்கியவர்களும், காட்டெருமை துரத்தி விழுந்தவர்களும் அங்கிருந்து இறங்கி வருவார்கள். ஏணியிலிருந்து விழுந்தவரைப் பெரிய கேஸ் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். என் கவலை எப்போதும் மற்றவர்களைப் பற்றியதுதான்.

குகையிலிருந்து ஒரு நெசவாளரை ஒருநாள் காலை ஏழரை மணிக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு வயது 74. இரவில் எழுந்தவர் இருட்டில் தறிக்குழிக்குள் கால் தவறி விழுந்திருக்கிறார். "ரெண்டரை அடி பள்ளந்தாங்க, தெனமும் எறங்கி ஏறுற எடம்" என்று மகன் சொன்னார். எலும்பு எதுவும் உடையவில்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். கட்டுப் போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் எங்களுக்கும் தோன்றியது. எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மகன் பார்த்தது ஆறரை மணிக்கு. பெரியவர் விழுந்தது இரண்டு மணிக்கு. நாலரை மணி நேரம் ஒருக்களித்தபடி, மிதிகட்டை மேல் தொடை அழுந்த, கூப்பிடக் குரல் எழாமல் கிடந்திருக்கிறார். அப்படிக் கிடந்தால் அழுந்திய தசை நைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவருக்கு முதலில் வந்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 46 என்று மிகக் குறைவாகக் காட்டியது. தறியில் வேலை மிச்சம் இருந்ததால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருக்கிறார். குழியில் விழுந்து அவர் மயங்கவில்லை. மயங்கித்தான் குழியில் விழுந்திருக்கிறார்.

குளுக்கோஸ் ஏற்றிய கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். பாவு அறுந்து கிடக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றார். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளில் சில நாள் முழுவதும் வேலை செய்யும் என்பதால், தெளிந்தவர் மறுபடி மயங்குவார் என்று எடுத்துச் சொல்லி இருக்க வைத்தோம். சலைன் ஏற்றி ஆறு நாளில் சிறுநீரகம் தேறியது. எத்தனை மணிக்கு விழுந்தார் என்ற ஒரு கேள்வி விட்டுப்போயிருந்தால் அவர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார், இரண்டு நாளில் சிறுநீர் நின்றுபோய்த் திரும்பி வந்திருப்பார்.

வயதானவர் விழுந்தால், எங்கே அடிபட்டது என்று பார்ப்பதற்கு முன்பே ஏன் விழுந்தார் என்று கேட்க வேண்டும் என்பதை அந்த நாளிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன். விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார், கண் இருட்டியதா, நெஞ்சு படபடத்ததா, விழுந்தது அவருக்கே நினைவிருக்கிறதா என்று கேட்டால் பாதி நோய் வெளியே வந்துவிடும். படுத்திருக்கும்போது ஒருமுறையும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்த்து, மேல் அளவு 20 குறைந்தால் காரணம் மாத்திரையில் இருக்கக்கூடும். அழுத்த மாத்திரையின் அளவைப் புதிதாகக் கூட்டியிருப்பார்கள். சிறுநீர் தாராளமாகப் போவதற்கென்று புராஸ்டேட் மாத்திரை சேர்த்திருப்பார்கள். தூக்க மாத்திரை கைமாறி வந்திருக்கும். சில பேருக்குச் சிறுநீர்த் தொற்றின் முதல் அறிகுறியே விழுவதுதான். காய்ச்சல் அப்புறம்தான் வரும். "வழுக்கிட்டாங்க" என்று வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஈ.சி.ஜி.யும் ஒரு சர்க்கரைப் பரிசோதனையும் எடுக்கச் சொன்னால் எதற்கு வீண் செலவு என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாளுக்கு அறுபத்தொன்பது வயது. பேரனின் வண்டியில் பின்னால், சேலைக்குத் தக்கபடி ஒரே பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வந்தவர், வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதும் சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் தார்ச்சாலையில் விழுந்தார். போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டிவரும் என்ற பயத்தில், வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார்கள். இரத்த அழுத்தம் 114, நாடி 72. "பி.பி. நல்லா இருக்கு" என்று அவரைப் பச்சைப் பகுதியில், அதாவது அவசரம் இல்லாதவர்கள் காத்திருக்கும் இடத்தில், உட்கார வைத்தார்கள், நானும் அன்று பணியில் இருந்தேன். தினமும் அவருக்கு 170 இருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. உள்ளே இரத்தம் கசியும்போது நாடி வேகமெடுக்க வேண்டும். அவர் போட்டுக்கொண்டிருந்த அட்டினலால் என்ற அழுத்த மாத்திரை நாடியை எழவிடாமல் பிடித்து வைத்திருந்தது. மூன்று முறை தண்ணீர் கேட்டார். நான்காவது முறை கேட்டபோது பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது. இடுப்புக்கூட்டு எலும்பு உடைந்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. இரத்தம் ஏற்றினோம், தீவிர சிகிச்சைக்கு மாற்றினோம். இரண்டாம் நாள் இரவு இறந்துபோனார்.

அறுபத்தைந்து வயதைக் கடந்த காயக்காரருக்கு மேல் அளவு 110க்குக் கீழே இருந்தாலே, உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாத அதிர்ச்சிநிலையாக இருக்கலாம் என்று அமெரிக்க ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. இளையவர்களுக்கு அந்த எல்லை 90. அந்த அம்மாளுக்கு 114 என்பதால் அந்த வலையிலும் அவர் சிக்கியிருக்க மாட்டார். எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அவருடைய வழக்கமான எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும். ஆகவே வீட்டில் உள்ள பெரியவரின் வழக்கமான அழுத்தம் எவ்வளவு என்பதை வீட்டில் யாராவது ஒருவர் மனப்பாடமாக வைத்திருங்கள். வண்டியிலிருந்து விழுந்ததை வண்டியிலிருந்து விழுந்தார் என்றே சொல்லுங்கள்; விழுந்த விதத்தை வைத்துத்தான் மருத்துவர் எந்த எலும்பைத் தேடுவது என்று முடிவு செய்கிறார். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரம்புக்கு உட்பட்டு அரசே செலவேற்றுப் பார்க்கிறது. பொய் சொல்பவர்கள் அந்த உதவியையும் இழக்கிறார்கள்.

இடுப்பு முறிவு, அதாவது தொடையெலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் முறிவது பற்றிச் சொல்ல என் மாமியாரைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அஸ்தம்பட்டி வீட்டில், மார்கழி மாதம், விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுக்கத் திரும்பியவர் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 81 வயது. நான் வெளியே வந்து பார்த்தபோது வலதுகால் இடதுகாலைவிட ஓர் அங்குலம் குட்டையாகவும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தும் கிடந்தது. அந்தக் கிடையைப் பார்த்தாலே போதும், எக்ஸ்ரே பிறகு உறுதி செய்வதுதான். பக்கத்து வீட்டார் நல்ல மனதோடு ஓடி வந்து, ஒருவர் நல்லெண்ணெய் காய்ச்சட்டுமா என்றார், இன்னொருவர் நாட்டுக் கட்டு கட்டுகிறவரின் பெயரைச் சொன்னார். மணிக்கட்டு, கணுக்கால் என்றால் கட்டிக்கொண்டு எப்படியோ சமாளித்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடையெலும்பின் கழுத்து முறிந்ததைக் கட்டு கட்டி, உருவிவிட்டு, இரண்டு மாதம் படுக்கையில் வைத்திருந்து, முதுகெல்லாம் படுக்கைப்புண்ணும் நெஞ்சில் சளியுமாகக் கொண்டுவரப்பட்டவர்களில் திரும்பி நடந்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்து, துண்டால் சேர்த்துக் கட்டி, 108க்குச் சொல்லிவிட்டு, போர்வை போர்த்திக் காத்திருந்தோம்.

இடுப்பு முறிவில் எலும்பைவிடப் படுக்கைதான் ஆளைக் கொல்கிறது. படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும், தோல் புண்ணாகும், பசி போகும், மனம் தளரும். அதனால்தான் கூடியவரை முதல் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும், மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தாலும், இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்றே பல நாடுகளின் கணக்கு சொல்கிறது. எண்பது வயதில் ஆபரேஷன் தாங்குவாரா என்று குடும்பம் மூன்று நாள் கூடிப் பேசுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தாங்குவாரா என்பதைச் சொல்ல மயக்க மருத்துவர் இருக்கிறார். நீங்கள் கேட்க வேண்டியது, ஆபரேஷன் செய்யாமல் படுக்கையில் கிடப்பதைத் தாங்குவாரா என்பதை. வெளிநாட்டில் இருக்கும் மகன் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதும் அந்த மூன்று நாளில் சேர்ந்ததுதான்; இதில் எனக்குச் சற்றுக் கோபமே உண்டு.

மாமியாருக்கு இரண்டாம் நாள் அறுவை முடிந்தது. மூன்றாம் நாள் இரவு, மதியம்வரை என்னோடு வம்பளந்துகொண்டிருந்தவர், என்னைத் தன் இறந்துபோன தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போர்வையின் மேல் விரல்களை ஓட்டி, முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்குவதுபோல் எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கட்டிலுக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தார். ஊசி போட்ட குழாயைப் பிடுங்கிவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் ஏதோ அண்டிவிட்டது, விபூதி போடுங்கள் என்றார்கள். என் நாத்தனார் அழுதார். இது முதியவர்களுக்குக் காயத்துக்குப் பிறகும் அறுவைக்குப் பிறகும் வருகிற மனக்குழப்பம். பைத்தியமும் அல்ல, முதுமை மறதி நோயும் அல்ல. இதற்குப் பெரும்பாலும் உடலில் ஒரு காரணம் ஒளிந்திருக்கும். வலி, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, தொற்று, புதிதாகச் சேர்த்த ஊசி என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அன்று மாலைதான் சிறுநீர்க் குழாயை எடுத்திருந்தார்கள். அடிவயிற்றில் கை வைத்தேன், பானைபோல் இருந்தது. மறுபடி குழாய் போட்டதும் 700 மில்லி சிறுநீர் வந்தது. விடியும்போது நாத்தனாரை வீட்டுக்கு அனுப்பி, பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் எடுத்து வரச் சொன்னேன். தொலைந்துவிடும் என்று அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். கண்ணும் காதும் இல்லாமல் புது இடத்தில், இரவெல்லாம் விளக்கெரிய, மூன்று நாள் கிடந்தால் இளையவருக்கே குழம்பும். இரண்டு நாளில் தெளிந்தார். தங்கையை ஏன் வரச்சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு கேட்கவில்லை.

விலா எலும்பு முறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதற்குக் கட்டு கிடையாது, அதனால் நோய் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி உள்ளேயே தங்கி நிமோனியா ஆகிவிடும். உடைந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக்கூட முதியவர் இறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. வலி மாத்திரையைச் சிக்கனம் பிடிக்காமல், மருத்துவர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுங்கள். மூன்று பந்துகள் உள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

எல்லாக் காயமும் விழுந்ததால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டிலும் முழங்காலிலும் காயம் இருக்கும். மேற்கையின் உட்பக்கத்தில், நான்கு விரல் பதிந்ததுபோல், ஒன்று நீலமாகவும் ஒன்று மஞ்சளாகவும் வெவ்வேறு நாள் பட்ட கன்றல்கள் இருந்தால், கூட வந்தவரை ஓ.பி. சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்து மூடி, மெதுவாகக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் மகனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். "எம் மேல எடறி உழுந்துட்டான் சாமி, பாவம் குடிச்சிருந்தான்" என்று ஒரு ஆயா சொன்னார். முதியோருக்கான உதவி எண் 14567 என்பதை ஒரு சீட்டில் எழுதி, அவருடைய சுருக்குப்பைக்குள் வைத்துவிட்டேன். அவர் பேசினாரா என்பது எனக்குத் தெரியாது.

இனி என் அப்பா. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2016 டிசம்பரில் அவருக்கு வயது 78. 2014ஆம் ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஒரு மாலை தொலைபேசியில் பேசும்போது, ஊர்க்கதைகளுக்கு நடுவே, "களத்துப் படியில சும்மா கொஞ்சம் எடறிட்டேன் சாமி, ஒண்ணும் இல்ல" என்றார். தலையில் பட்டதா என்று நான் கேட்கவில்லை. தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். பொங்கலுக்கு முன்பு தம்பி போன் செய்து, அப்பாவுக்குத் தளர்ச்சி வந்துவிட்டது, மதியமெல்லாம் தூங்குகிறார், நடக்கும்போது செருப்பு தரையில் தேய்கிறது, வயதாகிவிட்டது இல்லையா என்றான். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மேலே போனேன். அப்பா வெளியே கிளம்பத் தயாராகச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றாக மாறிப் போடப்பட்டிருந்தன. ஐம்பது ஆண்டுகள் ஒரு பைசா பிசகாமல் பேரேடு எழுதியவர் அவர். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேல்நோக்க, கண்ணை மூடச் சொன்னேன். இடதுகை மெல்ல மெல்லத் திரும்பிக் கீழே இறங்கியது.

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் அப்பாவின் தலை என் தோளில் வந்து சாய்ந்துகொண்டே இருந்தது. கீழே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்பது. இல்லை என்று சொன்னேன். அந்தத் தொலைபேசிப் பேச்சு எனக்கு நினைவுக்கே வரவில்லை. சி.டி. ஸ்கேனில் வலப்பக்கம் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே பிறைபோல் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதற்கும் மண்டையோட்டை ஒட்டிய சவ்வுக்கும் இடையே போகிற சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. லேசான அதிர்விலும் அவை கிழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். சுருங்கியதால் கிடைத்த இடம் இருப்பதால் தலைவலியோ வாந்தியோ உடனே வராது. இரண்டு மூன்று வாரம் கழித்து, சில சமயம் அதற்கும் மேலே, நடை தளர்ச்சியாகவோ பேச்சுக் குழறலாகவோ தலைகாட்டும். வீட்டில் அதை வயது என்று சொல்லிவிடுவோம்.

ஸ்டென்டில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் அப்பா சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்; கசிவு எளிதில் நிற்காமல் போக அவையும் காரணமாகலாம். இரண்டாவது மாத்திரையை ஓராண்டுக்குத்தான் இதய மருத்துவர் எழுதியிருந்தார். மலையில் பழகிய மருந்துக்கடையில் அதே பழைய சீட்டைக் காட்டி இரண்டரை ஆண்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் சீட்டை விரித்துப் பார்க்கவில்லை. இதய மருத்துவரையும் கலந்துகொண்டு, மாத்திரைகளை நிறுத்தி, கண்காணிப்பில் ஐந்து நாள் வைத்திருந்து, மண்டையோட்டில் இரண்டு சிறு துளைகள் போட்டு அந்த இரத்தத்தை வடித்தார்கள். எஞ்சின் ஆயில்போல் இருந்தது என்று அறுவை அரங்கச் செவிலியர் சொன்னார். மறுநாள் காலை அப்பா தன் சட்டைப் பொத்தானைத் தானே சரியாகப் போட்டுக்கொண்டார்.

தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவை என்று முடிவு செய்யக் கனடாவில் வகுத்த புகழ்பெற்ற விதியில், 65 வயது என்பதே ஒரு தனி அபாயக் குறி. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களை அந்த விதிக்குள்ளேயே சேர்க்கவில்லை, அவர்களுக்கு விதி பார்க்காமல் ஸ்கேன் எடுத்துவிடுவதே வழக்கம். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நிம்மதியாகி மறந்துவிடக் கூடாது. விழுந்த தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு, ஆறு வாரம்வரை நடையையும் பேச்சையும் தூக்கத்தையும் கவனியுங்கள். பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது மாத்திரைகளின் பெயரைச் சொல்ல முயலாமல், மாத்திரை டப்பாவையும் அட்டைகளையும் அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "வெள்ளை மாத்திரை, ரவுண்டா இருக்கும்" என்பது எங்களுக்கு எதற்கும் உதவாது. கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதும் முக்கியம். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் கூட வரட்டும். மலையில் இருப்பவர்கள் இடுப்போ கழுத்தோ வலிக்கிறது என்பவரை ஜீப்பின் பின்சீட்டில் மடக்கி உட்கார வைத்து அந்த வளைவுகளில் இறக்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் உள்ள வண்டி வர அரை மணி நேரம் கூடுதலானாலும் காத்திருக்கலாம். இரத்தம் நிற்காமல் போனாலோ நினைவு மங்கினாலோ அந்தக் காத்திருப்பு பொருந்தாது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். சாதாரணமாக விழுந்ததிலேயே எலும்பு உடைந்திருக்கிறது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பொருள். உடைந்த எலும்புக்குக் கம்பி வைத்தாயிற்று, தேய்மானத்துக்கு என்ன மருந்து என்று கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் கால்சியம் மாத்திரையோடு முடித்துவிடுகிறார்கள், அடுத்த இடுப்பும் உடைகிறது. மாமியாருக்கு நான் கேட்டு வாங்கினேன். வாக்கரோடு நடந்தார், அதற்கடுத்த மார்கழியில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மகள் போட்ட கோலத்தில் புள்ளி தப்பிய இடத்தைக் கைத்தடியால் காட்டினார்.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது மாற்றுத்துணி எடுக்க மலைக்குப் போன தம்பி, அவருடைய மேசையில் இருந்த நீளவாக்கு நோட்டையும் கொண்டுவந்தான். தோட்டத்தை விட்ட பிறகும் மழை அளவு, பால் கணக்கு, கூலி என்று தினமும் எழுதுகிற பழக்கம் அவருக்கு. அதில் ஒரு வரி இருந்தது: "18.12.2016. மாலை 5.20. களத்துப் படி. இடறியது. தலை சுவரில் பட்டது. வீக்கம் இல்லை. பெரியவளிடம் தெரிவித்தேன்." அந்தப் பக்கத்தை நான் மருத்துவரிடம் காட்டினேன். அவர் தேதியைக் குறித்துக்கொண்டார், வேறு எதுவும் சொல்லவில்லை.

களத்துப் படிகளின் விளிம்பில் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறோம், கழிவறையில் கைப்பிடி, படுக்கையறையிலிருந்து அதுவரை இரவு விளக்கு. ரப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலில் பட்டை உள்ள செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் அதைப் போடுவதில்லை என்று இன்னும் சண்டை நடக்கிறது. நோட்டில் விழுந்ததற்கென்று கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்கச் சொன்னேன், தேதி, நேரம், இடம், காரணம், தலையில் பட்டதா என்று கோடு போட்டு அவரே பிரித்துக்கொண்டார். மேலே போகும்போதெல்லாம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புகிறேன். போன மாதம் போனபோது புதிதாக ஒரு வரி இருந்தது: "கொல்லைக் கதவு நிலைப்படி. காலை 6.10. கண்ணாடி போடவில்லை. உட்கார்ந்த மாதிரிதான். தலை படவில்லை." காரணம் என்ற கட்டத்துக்குக் கீழே முதலில் "சும்மா" என்று எழுதி, அதை அடித்திருந்தார்.